தே தாரிக் அண்ணனுக்கு எத்தனை பிரேம்? முன்ரெண்டரும் நேரடி ரெண்டரும்

பினாங்கு லிட்டில் இந்தியாவின் கடைவீட்டு வரிசை ஒன்றை கேமில் கொண்டுவர நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாய்வாக மேலிருந்து பார்க்கும் தெரு, கடை முகப்பில் கூரையடியில் ஐந்தடி நடைபாதை, அங்கே நின்று தே தாரிக் என்னும் பால் தேநீரை ஆற்றும் ஓர் அண்ணன், ஓரமாக ஒரு பேச்சா வண்டி (சைக்கிள் ரிக்ஷா). எல்லாமே கார்ட்டூன் சாயல். மாடல் செய்ய உட்காரும் முன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். 3டி மாடல்களை உங்கள் கணினியிலேயே ரெண்டர் செய்து, அதாவது படங்களாக மாற்றி, ஸ்பிரைட் எனும் தட்டைப் படத்துண்டுகளாகக் கேமுக்குள் வைக்கப் போகிறீர்களா? அல்லது 3டி மாடலையே கொடுத்து, விளையாடுபவரின் கருவி அந்தந்த நொடியில் வரையட்டும் என்று விடப் போகிறீர்களா? முதலாவது முன்ரெண்டர், இரண்டாவது நேரடி ரெண்டர்.

"முன்ரெண்டர்தான் அழகு, நேரடி ரெண்டர் அவ்வளவு வராது" என்று இன்னமும் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1994-இல் ரேர் நிறுவனம் 'டாங்கி காங் கண்ட்ரி'க்குச் சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகளில் ரெண்டர் செய்த படங்களைச் சூப்பர் நின்டெண்டோவின் ஸ்பிரைட்டுகளாகச் சுருக்கியது. அந்தப் பெட்டியில் ஸ்பிரைட்டின் ஒரு வண்ணத் தட்டுக்கு 15 நிறமும் ஒரு வெற்றிடமும்தான். அப்படிப்பட்ட கருவி அந்த மாடல்களைத் தானே வரைவது நடக்கிற காரியமில்லை. ஆனால் 2000-இல் 'ஜெட் செட் ரேடியோ' கார்ட்டூன் நிழலை நேரடியாகவே வரைந்துவிட்டது. 2014-இன் 'கில்டி கியர் எக்ஸ்ஆர்ட்' 3டி மாடல்களைக் கையால் வரைந்த படம் என்றே நம்பவைத்தது. மறுபுறம், 2018-இல் வெளியான 'டெட் செல்ஸ்' 3டி மாடல்களைச் சின்ன பிக்சல் ஸ்பிரைட்டுகளாக முன்ரெண்டர் செய்தது. கார்ட்டூன் சாயலைப் பொறுத்தவரை இரண்டு வழியிலும் அழகு வரும். எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: விளையாடும்போது என்னென்ன மாறும்?

முதலில் ஒரு தாளை எடுங்கள்

கேமரா சுழலுமா? பக்கத்தில் போய்ப் பார்க்க முடியுமா? பகல் இரவாகுமா? அண்ணனின் சட்டை, கைலி, தொப்பியை விளையாடுபவர் மாற்றலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று எழுதுங்கள். முன்ரெண்டரில் ஒவ்வொரு 'ஆம்' என்பதும் ஒரு பெருக்கல். நேரடி ரெண்டரில் அது பெரும்பாலும் ஒரு கூட்டல்தான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அண்ணனுக்கு எட்டுத் திசை. நிற்பதற்கு 6 பிரேம், நடப்பதற்கு 8. ஆக 8 × 14 = 112. தேநீர் ஆற்றுவது தெருவைப் பார்த்து ஒரே திசையில்தான், அதற்கு 12. மொத்தம் 124 பிரேம். ஒவ்வொன்றும் 256 × 256 பிக்சல் என்றால் நினைவகத்தில் 256 கேபி, எல்லாம் சேர்ந்து 31 எம்பி. சுற்றியுள்ள வெற்றிடத்தை வெட்டிச் சராசரியாக 96 × 144-க்குக் கொண்டுவந்தால் சுமார் 6.5 எம்பி. இது ஒன்றும் பாரமில்லை. ஆனால் மூன்று கைலி, இரண்டு தொப்பி என்று ஆசைப்பட்டால் ஆறு மடங்கு. வெட்டிய பிறகும் 39 எம்பி, ரெண்டர் செய்ய வேண்டியது 744 படம். பிரேமுக்கு 20 நொடி என்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல். அப்புறம் "மூக்கைக் கொஞ்சம் பெரிதாக்கலாமே" என்று யாராவது சொன்னால் மறுபடியும் முதலிலிருந்து. நேரடி ரெண்டரில் அதே மாற்றம் ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதிலாக, விளையாடுபவரின் கருவி நொடிக்கு 60 முறை, ஒவ்வொரு முறையும் 16.7 மில்லி நொடிக்குள் எல்லாவற்றையும் வரைந்து முடிக்க வேண்டும்.

இந்தத் தெருவுக்கு எங்கள் பரிந்துரை இது: கடைவீடுகளும் தரையும் முன்ரெண்டர். கேமரா சுழலாது, கட்டடம் நகராது, பெருக்க எதுவும் இல்லை. அண்ணனும் முன்ரெண்டர், ஆனால் ஒரே உடை. தேநீர்த் தாரை, மழை, மின்விசிறி எல்லாம் நேரடி. உடை மாற்றம் கட்டாயம் என்றால் அண்ணன் மட்டும் நேரடி ரெண்டருக்குப் போகட்டும்.

கேமராவின் எண்கள்

இதில் ஒரு எண் பிசகினாலும் பின்னால் எல்லாமே பிசகும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கேமராவை ஆர்த்தோகிராபிக் ஆக்குங்கள், அப்போது தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியாது. சுழற்சி எக்ஸ் 60, ஒய் 0, இசட் 45 டிகிரி. இடம் எக்ஸ் 12.25, ஒய் மைனஸ் 12.25, இசட் 10. இப்படி வைத்தால் கேமரா 30 டிகிரி சாய்வில் தரையின் மையத்தைப் பார்க்கும். சதுர ஓடு திரையில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வைரமாக விழும். அச்சு அசல் ஐசோமெட்ரிக் வேண்டும் என்று சிலர் எக்ஸ் சுழற்சியை 54.736 ஆக்குகிறார்கள். வடிவியலுக்கு அது சரி, பிக்சலுக்கு ஆகாது. கோடுகள் இரண்டு பிக்சலுக்கு ஒன்று என்று சீராக இறங்காமல் படிக்கட்டாகப் பிசிறடிக்கும்.

ஒரு மீட்டர் ஓடு 128 × 64 பிக்சலாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டின் மூலைவிட்டம் 1.41421 மீட்டர். அதனால் திரையின் அகலவாக்கில் ஒரு மீட்டருக்கு 90.5 பிக்சல். ஆர்த்தோகிராபிக் ஸ்கேலைக் கண்டுபிடிக்க, படத்தின் அகலத்தை 128-ஆல் வகுத்து 1.41421-ஆல் பெருக்குங்கள். 256 பிக்சல் ஸ்பிரைட்டுக்கு 2.828. 1920 × 1080 பின்னணிக்கு 21.213.

பின்னணி மேல் நேரடி 3டி உருவத்தை வைக்கப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். பிளெண்டர் படத்தின் நீண்ட பக்கத்தை அளவாகக் கொள்கிறது. கோடோ என்ற கேம் எஞ்சின் இயல்பாக உயரத்தைக் கேட்கிறது, அங்கே 11.932 என்று கொடுக்க வேண்டும். இன்னொரு எஞ்சினான யூனிட்டி கேட்பது உயரத்தில் பாதி, அதாவது 5.966. மூன்றிலும் 21.213 என்றே போட்டுவிட்டு, உருவம் ஏன் எறும்பு மாதிரி இருக்கிறது என்று மாடலைக் குறை சொல்லாதீர்கள்.

உயரம் திரையில் 0.866 மடங்காகக் குறுகும். 1.7 மீட்டர் அண்ணன் 133 பிக்சல். கேமரா பாதத்தை நேராகப் பார்ப்பதால் பாதம் படத்தின் நடுவில் இருக்கும், மேலே 128 பிக்சல்தான் மிச்சம். தலை வெட்டுப்படும். கேமரா அமைப்பில் ஷிப்ட் ஒய் என்பதை 0.25 ஆக்கினால் பாதம் கீழிருந்து 64-ஆவது பிக்சலுக்கு இறங்கும், மேலே 192 கிடைக்கும். குவளையைத் தூக்கிய கை 2.1 மீட்டரை எட்டினாலும் 165 பிக்சல்தான், அடங்கிவிடும். கேமில் இந்த ஸ்பிரைட்டின் பிடிமானப் புள்ளியை இடமிருந்து 128, மேலிருந்து 192 என்று வையுங்கள்.

குறைத்துச் செய்யுங்கள், பெரிதாக்கிச் செய்யுங்கள்

பினாங்கின் ஜோர்ஜ்டவுன் கடைவீட்டின் மரச் சன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பலகைகள் வரிசையாக, சுமார் நான்கைந்து சென்டிமீட்டர் இடைவெளியில். நம் அளவில் அது மூன்று நான்கு பிக்சல். பலகைக்கு ஒன்றரை, இடைவெளிக்கு ஒன்றரை. அப்படியே மாடல் செய்தால் ரெண்டரில் சாம்பல் பூசிய தகடாகத்தான் தெரியும். பலகைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, இடைவெளியை 10 சென்டிமீட்டராக்குங்கள். அப்போது சுமார் எட்டு பிக்சல் கிடைக்கும். ஒளிபடும் விளிம்பு, பலகையின் முகம், கீழே நிழல் என்று மூன்றும் தெரியும். கூரை ஓடுகளுக்கும் இதே வைத்தியம். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான எதையும் மாடல் செய்யாதீர்கள், அது இரண்டு பிக்சல்கூட வராது. நேரடி ரெண்டரில் இத்தகைய நுணுக்கம் இன்னும் தொல்லை. கேமரா நகரும்போது சன்னல் முழுக்க மினுமினுக்கும்.

ஐந்தடி நடைபாதையின் உண்மை அகலம் 1.5 மீட்டர் சொச்சம். கேமில் இரண்டு மீட்டர் கொடுங்கள். தூண்களுக்கு நடுவே ஆள் நடக்கவும் தெரியவும் வேண்டுமே.

வெயில்

பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை டிகிரிக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் பகல் 1.20 வாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். புகைப்படத்தைப் பார்த்து அந்த ஒளியை அப்படியே எடுத்தால் சுவர் இரண்டும் ஒரே மாதிரி மங்கிப்போகும், நடைபாதை கறுப்புக் குகையாகிவிடும். மாலை நாலரை மணி வெயிலைத் திருடுங்கள். சன் விளக்கை 45 டிகிரி சாய்த்து, கூரை மிகப் பிரகாசம், இடப்பக்கச் சுவர் நடுத்தரம், வலப்பக்கச் சுவர் நிழல் என்று மூன்று படியாகப் பிரியுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கருநீலமோ ஊதாவோ நன்றாக இருக்கும்.

கலர் மேனேஜ்மென்ட்டில் வியூ டிரான்ஸ்பார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். பிளெண்டர் 4.0 முதல் இயல்பாக ஏஜிஎக்ஸ் வருகிறது. அது நிஜ ஒளிக்கு ஏற்றது. நீங்கள் தேர்ந்த மஞ்சளும் நீலமும் அதில் வெளுத்துப்போகும்.

கார்ட்டூன் நிழலுக்குப் பிளெண்டரின் ஈவி ரெண்டர் எஞ்சினில் டிப்யூஸ், ஷேடர் டு ஆர்ஜிபி, கலர் ராம்ப் என்ற வரிசையில் இணைத்து, ராம்பைக் கான்ஸ்டன்ட் ஆக்குங்கள். இரண்டு மூன்று நிறம் போதும். பிளெண்டரின் இன்னொரு எஞ்சினான சைக்கிள்ஸில் ஷேடர் டு ஆர்ஜிபி நோட் வேலை செய்யாது.

அண்ணனை ரெண்டர் செய்தல்

பிலிம் பகுதியில் டிரான்ஸ்பரன்ட் போடுங்கள். வெளியீடு பிஎன்ஜி, ஆர்ஜிபிஏ. வீடியோவாக ரெண்டர் செய்யவே கூடாது. மாலை இடிமழையில் கரண்ட் போனால் வீடியோ முழுக்கப் போய்விடும். படங்களாக இருந்தால் நின்ற பிரேமிலிருந்து தொடரலாம். பிக்சல் ஆர்ட் சாயல் வேண்டுபவர்கள் பில்டர் அளவை 1.5-இலிருந்து 0.01-க்கு இறக்கினால் விளிம்பு மழுங்காது.

எட்டுத் திசைக்கும் அண்ணனை ஒரு எம்ப்டியோடு (ரெண்டரில் தெரியாத வெற்றுப் பொருள்) பிணைத்து, அந்த எம்ப்டியை 45 டிகிரி வீதம் திருப்புங்கள். கேமராவைச் சுற்றி நகர்த்தாதீர்கள். கேமரா சுற்றினால் வெயில் அண்ணனோடு ஒட்டிக்கொள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் உடலின் அதே பக்கத்தில்தான் ஒளி, அதனால் திரையில் அது இடமும் வலமுமாக மாறும், கட்டடத்தில் மட்டும் எப்போதும் இடப்பக்கம். என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்ப்பவர் கண்ணை அது உறுத்தும். நேரத்தை மிச்சப்படுத்த ஸ்பிரைட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டாலும் இதே கோளாறுதான். துண்டு வேறு வலது தோளிலிருந்து இடது தோளுக்குத் தாவிவிடும்.

கோப்புப் பெயரில் திசைக்கு இரண்டு இலக்கம், பிரேமுக்கு இரண்டு இலக்கம் வையுங்கள்: 03-07. ஒற்றை இலக்கமாக விட்டால் 10-ஆம் பிரேம் 2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

நிழலை ஸ்பிரைட்டோடு சேர்த்து ரெண்டர் செய்யாதீர்கள். இதற்கு மட்டும் சைக்கிள்ஸுக்கு மாறி, தரைக்கு ஷேடோ கேச்சர் (நிழலை மட்டும் பிடிப்பது) போட்டுத் தனிப் படமாக எடுங்கள். அண்ணன் வெயிலிலிருந்து நடைபாதைக்குள் நுழையும்போது அந்த நிழலை மறைக்க வேண்டும், உடலின் நிறத்தையும் 0.7 மடங்காகக் குறைக்க வேண்டும். நடைபாதைப் பகுதியை ஒரு கறுப்புவெள்ளை முகமூடியாக வரைந்து வைத்தால் கேம் அதைப் பார்த்துத் தானே செய்துகொள்ளும். முன்ரெண்டர் உருவம் பின்னணியோடு ஒட்டாமல் 'மேலே ஒட்டிய ஸ்டிக்கர்' போல இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் காரணம்.

நடை வழுக்கினால்

8 பிரேம் நடை, நொடிக்கு 12 பிரேம் என்றால் ஒரு சுற்று 0.67 நொடி. அதில் இரண்டு காலடி, மொத்தம் 1.2 மீட்டர் என்று அனிமேஷன் செய்திருந்தால் வேகம் நொடிக்கு 1.8 மீட்டர். கேமில் 2.5 என்று போட்டால் பனியில் சறுக்குவது போல இருக்கும். அவசரமாக நடக்க வேண்டுமானால் பிரேம் வேகத்தையும் அதே விகிதத்தில் ஏற்றுங்கள்.

இன்னொன்று: திரையில் நேர் வலமாக நடக்கையில் மீட்டருக்கு 90.5 பிக்சல், நேர் மேலாகப் போகையில் அதில் பாதி. இரண்டுக்கும் ஒரே பிக்சல் வேகம் கொடுத்தால் மேல்கீழ் நடக்கும்போது அண்ணன் ஓடுவார்.

தேநீர்த் தாரை

ஆற்றும்போது மேல் குவளைக்கும் கீழ்க் குவளைக்கும் நடுவே முக்கால் மீட்டர் தாரை. முன்ரெண்டரில் அது சுமார் 60 பிக்சல் நீளக் கோடு. 12 பிரேமில் சுட்டு வைத்தால் மூன்றாவது முறை பார்க்கும்போதே அலுத்துவிடும். கைகள் முன்ரெண்டராகவே இருக்கட்டும், தாரை மட்டும் நேரடியாக வரட்டும். ஒவ்வொரு பிரேமிலும் இரண்டு குவளை விளிம்புகளின் பிக்சல் இடத்தைக் குறித்து வையுங்கள். 12 பிரேமுக்கு 24 புள்ளி, கையாலேயே எழுதிவிடலாம். அவற்றுக்கிடையே ஒரு வளைகோடு. மேலே 5 பிக்சல் தடிமன், வேகம் கூடக்கூட மெலிந்து கீழே 2. உள்ளே ஒரு டெக்ஸ்சர் கீழ்நோக்கி ஓடட்டும். நிறத்தில் கவனம் வேண்டும், கெட்டிப்பால் தேநீர் காவியும் ஆரஞ்சும் கலந்தது. வெறும் பழுப்பு போட்டால் சாக்லேட் ஆகிவிடும். கீழ்க் குவளையில் நுரைக்கு நாலைந்து துகள் போதும். ஸ்பிரைட் 12 பிரேமில் தாவ, தாரை 60-இல் வழுக்கினால் இரண்டும் ஒட்டாது. தாரையையும் நொடிக்கு 12 முறை மட்டும் புதுப்பியுங்கள்.

யார் முன்னால், யார் பின்னால்

தூண்கள் பின்னணிப் படத்திலேயே இருந்தால் அண்ணன் தூணுக்குப் பின்னால் போகவே முடியாது. ஒவ்வொரு தூணையும் தனி ஸ்பிரைட்டாக ரெண்டர் செய்து, அடிப்பகுதியைப் பிடிமானப் புள்ளியாக வைத்து, கோடோவில் ஒய் சார்ட்டை இயக்குங்கள். பாதம் கீழே இருப்பவர் முன்னால் வருவார். நீளமான பொருள்களுக்கு இது போதாது. பேச்சா வண்டி சாய்வாக நின்றால் ஒரே புள்ளி ஏமாற்றிவிடும், அண்ணனின் கால் சக்கரத்துக்குள் புகும். முன் இருக்கை, பின் சைக்கிள் என்று இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் தனித்தனிப் புள்ளி கொடுங்கள்.

இரவுக்கு

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று பின்னணியை இரண்டு முறை ரெண்டர் செய்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரையவிடுவதே சுலபம். கூடுதலாக 8 எம்பி, அவ்வளவுதான். நகரும் விளக்கு வேண்டுமானால் நார்மல் மேப் தேவை, அதாவது பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் பார்க்கிறது (நார்மல்) என்பதை நிறமாகச் சொல்லும் படம். பிளெண்டர் தரும் நார்மல் பாஸ் உலக அச்சில் இருக்கிறது, 2டி விளக்குக்கு அது உதவாது. வெக்டர் டிரான்ஸ்பார்ம் நோடில் கேமரா அச்சுக்கு மாற்றி, இசட்டின் குறியைத் திருப்பி, 0.5-ஆல் பெருக்கி 0.5 கூட்டி, வியூ டிரான்ஸ்பார்மை ரா ஆக்கிச் சேமியுங்கள். கேமராவை நேராகப் பார்க்கும் பரப்பு 128, 128, 255 என்ற வெளிர்நீலமாக வந்தால் சரி.

நேரடி ரெண்டருக்குப் போகிறவர்கள்

நிழல் ராம்ப் மேலே சொன்னதேதான், எஞ்சினின் ஷேடரில் (பரப்பை எப்படி வரைவது என்று சொல்லும் சிறு நிரல்) எழுத வேண்டும். வெளிக்கோட்டுக்கு மாடலைப் பிரதியெடுத்து, சற்று ஊதி, அதன் பரப்புகளை உள்வெளியாகத் திருப்புவது வழக்கம். இரண்டு பிக்சல் கோட்டுக்கு 2.2 சென்டிமீட்டர் ஊதினால் போதும். பெட்டி, சன்னல் போன்ற கூர்முனைப் பொருள்களில் மூலை பிளந்து கோடு உடையும். அங்கே ஒரே முனைக்கு இரண்டு மூன்று நார்மல்கள் இருப்பதுதான் காரணம். கோட்டுக்கென்று மட்டும் சராசரி நார்மலைத் தனியாகச் சேமித்துப் பயன்படுத்துங்கள்.

முகத்தில் நிழல் திட்டுத்திட்டாக விழுந்தால் ராம்பைக் குடையாதீர்கள், நார்மல்களைத் திருத்துங்கள். 'எக்ஸ்ஆர்ட்' கையாண்டதும் இதைத்தான். அசைவையும் அவர்கள் வழுவழுப்பாக விடவில்லை, வரைந்த படம் போலப் பிரேமுக்குப் பிரேம் தாவவைத்தார்கள். கீபிரேம்களைக் கான்ஸ்டன்ட் ஆக்கினால் உங்களுக்கும் அது கிடைக்கும்.

கடைசியில் அட்லஸ்

அட்லஸ் என்பது பல ஸ்பிரைட்டுகளை அடுக்கிய ஒரே பெரிய படம். 2048 × 2048 அட்லஸ் ஒன்றில், ஸ்பிரைட்டுகளுக்கு நடுவே இரண்டிரண்டு பிக்சல் இடைவெளி விட்டு 124-ஐயும் அடக்கிவிடலாம். சுருக்காமல் 16 எம்பி, பிசி3 சுருக்கத்தில் 4 எம்பி. இடைவெளி விடாவிட்டால் பக்கத்து ஸ்பிரைட்டின் கோடு எட்டிப்பார்க்கும். உருவத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு தெரிந்தால், வெற்றிடப் பிக்சல்களில் ஒளிந்திருக்கும் கறுப்பு கலக்கிறது என்று அர்த்தம். கோடோ இறக்குமதியில் பிக்ஸ் ஆல்பா பார்டர், யூனிட்டியில் ஆல்பா இஸ் டிரான்ஸ்பரன்சி இயங்குகிறதா என்று பாருங்கள்.

பின்னணியை முதலிலேயே இரண்டு மடங்கு அளவில் ரெண்டர் செய்து பத்திரப்படுத்துங்கள். நேரம் நான்கு மடங்காகும், பரவாயில்லை. முன்ரெண்டர் படத்தின் கூர்மை அன்றோடு உறைந்துவிடும். 1997-இன் 'பைனல் பேன்டசி 7' போன்ற கேம்களைப் பெரிய திரையில் போட்டால் உருவங்கள் கூர்மையாகவும் பின்னணி மங்கலாகவும் தெரிவது இதனால்தான்.

கடைப் பலகையை மட்டும் ரெண்டரை நம்பி விடாதீர்கள். அரை மீட்டர் உயரப் பலகை நம் அளவில் 39 பிக்சல். மலாய் எழுத்துக்கு இடம் கொடுத்தபின் தமிழுக்கு 15 பிக்சல் கிடைத்தால் அதிகம். 'ணை', 'ஞ்சை' எல்லாம் அதில் பூச்சிகளாகிவிடும், புள்ளிகள் காணாமல் போகும். சுவரின் சாய்வுக்கு ஏற்ப, இரண்டு பிக்சல் நகர்ந்தால் ஒரு பிக்சல் இறங்கும் கணக்கில், எழுத்துகளை ரெண்டர் முடிந்த படத்தின் மேல் கையால் பிக்சல் பிக்சலாக எழுதுங்கள். பெயர் நீளமாக இருந்தால் கடைக்கு வேறு பெயர் வையுங்கள்.